சவுரிராயன் கையில் என் அடுப்பு

சங்கரா மீனின் செவுளைக் கிழித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி சட்டென்று கையை உதறினாள். என் மெஸ்ஸில் மீன் கழுவுகிறவள் அவள். விரலில் ரத்தம்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க. மீன் வாயில தூண்டி மாட்டிக்கினு இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். வளைந்த இரும்பு. நுனியில் அறுந்த நைலான் நரம்பு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. அந்த மீன் என் படகிலிருந்து என் பெட்டியில், என் ஐஸில் வந்த மீன். என் படகோ வலைப்படகு. தூண்டில் என்ற பொருளே அதில் கிடையாது. அப்படியானால் இது எங்கே பிடிபட்டது, எப்படி என் பெட்டிக்குள் வந்தது?

"உன் வேலையைப் பாரு" என்று பாஞ்சாலியிடம் சொல்லிவிட்டுத் தூண்டில் முள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் எதையும் உடனே பேசிவிடுகிற ஆள் இல்லை.

நான் யார் என்று திண்டிவனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறந்தது கெடார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குத் தேவையில்லை என்று நானே முடிவுகட்டி விக்கிரவாண்டிக்கு வந்தேன். லாரிகள் நிற்கும் ஓட்டலில் இலை எடுத்தேன், தண்ணீர் வைத்தேன், பிறகு கல் முன்னால் நின்று பரோட்டா போட்டேன். இன்றைக்கு மரக்காணம் ரோட்டில் என் மெஸ்ஸின் போர்டு பஸ்ஸில் வருகிறவனுக்கு இரண்டு வளைவுக்கு முன்பே தெரியும். உள்ளே நுழைந்ததும் இன்னொரு போர்டு: கடனும் இல்லை, ஓசியும் இல்லை. ஒருவன் இலை முன்னால் உட்காருகிற தினுசைப் பார்த்தே எத்தனை முறை சோறு கேட்பான் என்று சொல்லிவிடுவேன். இந்தக் கணக்கு எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை.

மீன் வியாபாரிகளை நம்பி நம்பிச் சலித்துப்போய்த்தான், மரக்காணம் தாண்டி ஒரு குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வாங்கி விட்டேன். ஞானராஜ் ஓட்டுகிறான். வலை இழுக்க இரண்டு பேர். நாலாவது ஆள்தான் சவுரிராயன். நான் சொல்ல வந்தது அவன் கதையைத்தான்.

அதே குப்பத்துக்காரன். ஐம்பது தாண்டியவன். இளவயசில் கொச்சிப் பக்கம் போய்ப் பெரிய விசைப்படகில் வலை இழுத்திருக்கிறான். அங்கே இழுவைக் கயிறு இடது கையைச் சுற்றிக்கொண்டு இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு அதே படகில் சமையல்கட்டில் தள்ளிவிட்டார்கள். வலை இழுக்கிறவர்கள் வாய்க்கு எது பிடிக்கும், ஆடுகிற படகில் எது சிந்தாது, எது வயிற்றில் நிற்கும் என்பதெல்லாம் அங்கே பழகியது. ஊருக்குத் திரும்பிய பிறகு விரல் இல்லாத கைக்கு எந்தப் படகிலும் வேலை இல்லை. அவன் மனைவி செபஸ்தியம்மாள் கருவாடு விற்றுத்தான் வீடு நடந்தது. இவன் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலைக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கடலில் மறுபடி ஏற்றியது நான். மற்றப் படகுக்காரர்கள் தூக்குச் சட்டியில் ஆறின சோறு கொண்டுபோவார்கள். என் படகில் அடுப்பு இருக்கட்டும், என் ஆட்கள் சூடாகச் சாப்பிடட்டும் என்று சின்ன சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குப்பத்தில் இந்த யோசனை வேறு எவனுக்கும் வரவில்லை. மளிகையும் என் மெஸ்ஸிலிருந்தே போகும். அரிசி, அவல், வெல்லம், பொரி, தோலோடு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை மாவு. அப்புறம் குழம்பு உருண்டை. புளி, மிளகாய், மல்லி, வெங்காயம் எல்லாம் எண்ணெயில் சுருளச் சுருள வதக்கி அரைத்து உருட்டியது, என் மெஸ்ஸின் சரக்கு. கொதிக்கிற தண்ணீரில் ஒன்றைக் கரைத்து மீனைப் போட்டால் குழம்பு ஆயிற்று.

இப்போது சொல்லுங்கள். என் படகு, என் அடுப்பு, என் மளிகை. தூண்டில் மீன் மட்டும் யாருடையது?

முள்ளைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. மளிகை டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. நாலு பேர் தின்கிற சோறு எனக்குத் தெரியாதா? உருண்டையைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தேன். வாரம் முடிவதற்குள், "உருண்டை ஆயிட்ச்சு மொதலாளி" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான் சவுரிராயன்.

ஞானராஜைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன்டா, நாலு பேருதான சாப்புடறீங்க?"

"கடல்காத்து அண்ணா. வயிறு சும்மா இருக்காது."

"அந்தக் காத்து மத்த படகு மேல அடிக்காதா?"

அவன் டீ கிளாஸைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டான். எழுந்து போகிறவனிடம்தான் விஷயம் இருக்கும்.

இன்னொரு நாள் குப்பத்து டீக்கடையில் நிற்கிறேன். வெயிலில் கருத்துப்போன ஓர் ஆள், என் படகுக்குச் சம்பந்தமே இல்லாதவன், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மெஸ்காரருதான? உங்க கொழம்பு உருண்டை ஏ ஒன் அண்ணா. நாக்குலயே நிக்குது."

"நீ என் மெஸ்ஸுக்கு வந்திருக்கியா?"

"இல்லியே..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பன்னைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சவுரிராயன் நடுக்கடலில் மெஸ் நடத்துகிறான். என் அரிசியில், என் உருண்டையில். வாங்கிக்கொள்வது மீன். அந்த மீனில் ஒன்றிரண்டு கவனமில்லாமல் என் பெட்டியில் விழுந்திருக்கிறது. மிச்சம் செபஸ்தியம்மாளின் கருவாட்டுக் கூடைக்குப் போகிறது. கருவாட்டில் வலை மீன் எது, தூண்டில் மீன் எது என்று யாருக்குத் தெரியும்?

ஆனாலும் அவசரப்படவில்லை. இவனை நான் இறக்கிவிட்டால் அந்தக் குப்பத்தில் வேறு படகு இவனை ஏற்றாது. கையும் சரியில்லை, களவாணி என்ற பெயரும் சேர்ந்தது என்றால் சாகிறவரை கரையில்தான் உட்கார வேண்டும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அநியாயக்காரன் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டு இறக்குவது என்று முடிவு செய்தேன்.

ஒரு விடியலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகருகே போய் நின்றேன்.

"என்னா மொதலாளி?" என்றான் சவுரிராயன்.

"நானும் வர்றேன்."

ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். "அலை ஜாஸ்தியா இருக்குது அண்ணா" என்றான் ஞானராஜ். இருக்கட்டும் என்று ஏறிவிட்டேன். அலை தாண்டும்போது பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பலகை ஈரமாக இருந்ததுதான் காரணம், பயம் எல்லாம் இல்லை.

வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் சவுரிராயன் வேலையை ஆரம்பித்தான். நான் அவன் எதிரே உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியாக வெட்டிய எண்ணெய் டின்னைக் காற்றுக்கு மறைப்பாக வைத்தான். அதற்குள் அடுப்பு. பாத்திரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவன் சாய்ந்துகொடுத்தானே தவிர பாத்திரம் சாயவில்லை.

முதலில் அவல். நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, பிழிந்து, வெல்லத்தைத் தட்டிப்போட்டு ஆளுக்கு ஒரு கை. அடுப்பே வேண்டாம். அடுத்தது மல்லாட்டை. கடல் தண்ணீரை மொண்டு ஊற்றி, தோலோடு அதிலேயே வேகவிட்டான். உப்புப் போடுகிற வேலை இல்லை. ஆறவிட்டு உரித்து வாயில் போட்டுப் பார்த்தேன். என் மெஸ்ஸில் உப்புக் கரைத்துத்தான் வேகவைக்கிறோம். அந்த ருசி வரவில்லை என்று சொல்ல மாட்டேன், அது வேறு மாதிரி.

பிறகு சோற்றுக்கு உலை வைத்தான். குடத்துத் தண்ணீரோடு கடல் தண்ணீர் ஒரே ஒரு மொந்தை. அதுதான் உப்பு. அரிசி களையும்போது பிடித்துக்கொண்டேன்.

"இது யாருக்குடா இவ்ளோ அரிசி?"

"உங்களுக்கும் சேர்த்துதான் மொதலாளி."

"நான் ஒருத்தன் இவ்ளோ சாப்புடுவனா?"

"எல்லாருக்கும் சேர்த்து" என்றான், என்னைப் பார்க்காமல்.

வலையின் ஓரத்தை இழுத்துக் கொஞ்சம் மத்தியை உருவி, தலையைக் கிள்ளி, என் உருண்டையைக் கரைத்துக் குழம்பு வைத்தான். ஆவி மேலே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி, இங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. தெர்மாகோலை அடுக்கிச் சாக்கு சுற்றிக் கட்டிய ஒற்றை ஆள் தெப்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டில்காரன். டீக்கடையில் பல்லைக் காட்டினவனும் அதில் இருந்தான். என்னைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்தினான். சவுரிராயன் தலையை ஆட்டினான், வா என்று.

தெப்பக்காரர்கள் தூக்கு மூடியை நீட்டினார்கள். சவுரிராயன் அதில் சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினான். முதல் சோறு அவர்களுக்கு. அப்புறம்தான் எங்களுக்கு! என் படகில், என் கண் முன்னால்!

நான் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்தேன். தெப்பக்காரர்கள் விலகிப் போகட்டும் என்று பார்த்தேன். பிறகு எழுந்து சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கினேன்.

"நாலு பேரு சாப்பாடுன்னு சொன்னீங்களே, எங்கடா மிச்சம்? பாரு, நல்லா பாரு!" என்று சொல்லி, பாத்திரத்தைப் பலகைமேல் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஐயோ மொதலாளி!"

சவுரிராயன் பாய்ந்து வந்து பாத்திரத்தை நிமிர்த்தினான். அந்த இரண்டு விரல் இல்லாத கையால்தான். ஞானராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். வலைக்காரர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

எங்கள் ஊரில், எந்த மெஸ்ஸிலும், கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துத்தான் வைப்போம். அதுதான் சுத்தம். படகில் அது கூடாதாம். பாத்திரம் எப்படிக் கிடக்கிறதோ அப்படிப் படகும் கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. கவிழ்த்தாயிற்று என்றால் அன்றைக்குத் தொழில் இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. மளமளவென்று வலையை வாரினார்கள். பெட்டி பாதிகூட நிறையவில்லை. ஞானராஜ் இன்ஜினைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"வேலையக் கெடுத்துட்டு ஊமை மாதிரி உக்காந்துக்கினா ஆயிட்ச்சா? பதில் சொல்லு. என் அரிசில மெஸ் நடத்துறியா?" என்று சவுரிராயனைக் கேட்டேன்.

"தெர்மாகோல்ல அடுப்பு பத்தவைக்க முடியுமா மொதலாளி? ஒத்தை ஆளு, உச்சி வெயிலு. நம்ம பொகை தெரிஞ்சா வருவான். வந்தவனுக்கு இல்லன்னு சொல்ற படகு கடல்ல கிடையாது. அடுப்பு இருக்குற படகு இதான்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

வலைக்காரன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். நான் பையிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்துக் காட்டினேன்.

"சோத்துக்குப் பதிலா மீனு வாங்கறல்ல? அது எங்க போவுது?"

"உங்க பெட்டிக்குத்தான்."

"ஏன் அண்ணா, திருடறவன் தூண்டியோட மீனை உங்க மெஸ்ஸுக்கே அனுப்புவானா?" என்றான் ஞானராஜ்.

அது எனக்கும் முன்பே தோன்றியதுதான். இவன் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் நான் அதற்கும் அடுத்த படியை யோசிக்கிறவன்.

"பெட்டிக்கு வந்த மீன நான் பாத்தேன். வராத மீன எங்க போயி பாக்கறது?"

சவுரிராயன் கையை விரித்தான்.

"வராத மீன நான் எப்டி மொதலாளி காட்டறது?"

அதோடு பேச்சை விட்டுவிட்டான். குனிந்து சிலிண்டரின் கயிற்றை அவிழ்த்தான். அடுப்பைத் துடைத்தான். டின்னை, மொந்தையை, மளிகை டப்பாவை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து என் காலடியில் வைத்தான். "கேப்பை மாவு அப்டியே இருக்குது. பொரி நமத்துப்போச்சு, வறுத்தா சரியாவும்" என்றான். பிறகு படகின் முனையில் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். மற்ற மூன்று பேரும் அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு தெப்பம் குறுக்கே வந்தது. ஒல்லியான ஓர் ஆள், முட்டி போட்டு வேக வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு, தூக்கை ஒரு கையில் உயர்த்திக் காட்டினான். ஞானராஜ் இன்ஜினைக் குறைத்தான். நான் குறைக்கச் சொல்லவில்லை.

"முடிஞ்சிட்ச்சாண்ணே?" என்று கேட்டான் அவன். சவுரிராயன் திரும்பவே இல்லை. தெப்பக்காரன் காலியான பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். "சரி, பரவால்ல. லேட்டு நான்தான்." அப்படிச் சொல்லிக்கொண்டே தெப்பத்தில் ஈரச் சாக்குக்குக் கீழே கைவிட்டு, கையளவு சங்கரா ஒன்றை எடுத்து எங்கள் ஐஸ் பெட்டிக்குள் எறிந்தான்.

"இது எதுக்கு? சோறுதான் இல்லியே?" என்று கேட்டேன்.

"நேத்து சாப்புட்டதுக்குண்ணா. நேத்து எனக்கு ஒண்ணும் மாட்டல." நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. வலைக்கு வந்த புது ஆள் என்று நினைத்திருப்பான். "பெட்டில போட்டுட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அவன் கை அங்கே போயிற்று. தினம் போகிற கை அப்படித்தான் போகும். முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான், கையைப் படிக்கத் தெரியாதா?

மல்லாட்டை வேகவைத்த சட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கரைக்குக் கொண்டுபோனால் வீணாகும் என்பதால் அதை அள்ளி அவன் தூக்கில் போட்டேன். அவன் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு துடுப்பை எடுத்தான். சவுரிராயன் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கடலைப் பார்த்தான்.

படகு இவ்வளவு சீக்கிரம் திரும்புவதைப் பார்த்துச் செபஸ்தியம்மாள் கரையில் வந்து நின்றாள். என் ஆட்கள் முதலில் இறக்கியது அடுப்பையும் சிலிண்டரையும்தான். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"இறக்கிட்டீங்களாண்ணா?"

"எதை?"

"அடுப்பத்தான் கேக்கறேன். அடுப்பு போனா அவரும் போன மாரிதான?" இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "கொச்சிலருந்து கைய மொண்டியாக்கிக்கினு வந்த அன்னிக்குகூட இந்த மனுசன் இப்டி வாய மூடிக்கினு வரல. என்னா பழி போட்டீங்க?"

குப்பத்துக்காரர்கள் நாலைந்து பேர் கிட்டே வந்துவிட்டார்கள். இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் சவுரிராயன் கதை முடிந்தது.

"அடுப்புல அலை அடிச்சிட்ச்சு. காய வைக்க இறக்கினேன். இதுக்குப்போயி பஞ்சாயத்தா?" என்றேன்.

"காய வைக்கவா?" அவள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அது எலும்பு மாதிரி காய்ந்துதான் இருந்தது. என்னையும் அடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஞானராஜ் வலையை உதறுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு உருண்டை ஜாஸ்தியா அனுப்பறேன்" என்று சவுரிராயனிடம் சொன்னேன். "ஆனா எத்தினி பேரு வந்தான், எவன் எவன் வந்தான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

"அது சொல்ல மாட்டேன் மொதலாளி" என்றான் அவன். "கடல்ல வந்தவன யாருன்னு கேக்கறதில்ல. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

"அப்ப எனக்கு எப்டி நம்பிக்கை வரும்?"

"அது உங்க பாடு. இன்னொண்ணு, கவுத்த பாத்திரத்த இனிமே படகுல ஏத்தக் கூடாது. வேற வாங்கணும்."

என்னிடம் சம்பளம் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் வாங்கப் போனேன். திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜினபாலன், செஞ்சிப் பக்கத்து ஜைனர், எனக்கு நெடுநாள் பழக்கம். நாலு பேருக்கு ஆகிற பாத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதைத் திருப்பி வைத்துவிட்டுப் பெரியதாகக் கேட்டேன்.

"படகு பெருசா வாங்கிட்டீங்களா?" என்றார்.

"அதே படகுதான்."

"ஆளு சேர்த்துட்டீங்களா?"

"அதே ஆளுங்கதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னை அப்படிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதிகம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் கரைக்குப் போய் நானே அதைச் சவுரிராயன் கையில் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லவில்லை. பாத்திரத்தைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, அடியில் எங்காவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். விரலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தான். பிறகு கடல் தண்ணீரை அதில் நிரப்பிக் காய்ந்த மணல்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"புதுசுடா அது. கடையிலேருந்து நேரா வருது."

"தெரியுது மொதலாளி. யாரு வாங்கிக் குடுத்தாலும் நான் பாத்துட்டுத்தான் ஏத்தறது."

ஞானராஜ் படகிலிருந்து அவசரப்படுத்தினான். சவுரிராயன் அசையவில்லை. அடியில் ஒழுகி மணல் நனைகிறதா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன்.